தஞ்சை சுவார்ட்ஸ் ஐயர் சரிதம்

தென்னாட்டுத் திருச்சபையின் வரலாற்றைச் சிறிதேனும் கற்றவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்னும் பெயரை அறியாதிரார். ஆயினும் அவரை அறிந்தோருட் பலர், அரசர்க்கு நண்பராயும் படைத்தலைவர்க்கு ஆலோசனையாளராயும் விளங்கிய பெரியாராகவே அவரை அறிவர். அவர் காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கப் போமளவும் எவரோடு பேசினார், என்ன உண்டார், வாங்கிய கடனை எங்ஙனம் தீர்த்தார் என்பவற்றை ஆராய்வார் சிலரே. அப்பெரியாரின் ஊழியம் பெரும்பாலும் இச்சிறு காரியங்களிலேயே அடங்கிக் கிடந்தது என்பது எமது கருத்தாதலின், அரசியற் செய்திகளை வேண்டுமளவே கூறி, மற்றவற்றைச் சற்று விரித்துரைப்பாம்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்பது அவரது முழுப்பெயர். அவர் 1726 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரஷ்ய நாட்டிலுள்ள ஸோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இந்நாளிற் போலந்து தேசத்தைச் சார்ந்துள்ளது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். அவ்வம்மையார் மரணப் படுக்கையிற் கிடந்தபொழுது, இம்மகவைக் கடவுளுடைய ஊழியத்திற்கென வளர்க்குமாறு தம் கணவரிடத்தும் தம் குருவினிடத்தும் கேட்டுக்கொண்டார் என்பர். 1746 இல் ஹாலே நகரத்துச் சர்வகலாசாலைக்குக் கல்விகற்கச் சென்றார். ஆண்டுச் சென்னையில் நெடுநாள் ஊழியஞ் செய்து திரும்பியிருந்த ஷூல்ட்ஸே ஐயர் தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அவ்வேலைக்கு உதவும்பொருட்டு நம் சுவார்ட்ஸும் தமிழெழுத்துக்களைக் கற்கலானார். அச்சுவேலை நிறைவேறிற்றில்லை, கற்ற தமிழோ அவரை விட்டதில்லை. 1749 இல் கோபன்ஹேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்து வழியாய்க் கப்பலேறி, 1750 ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடலூரில் இறங்கித் தரங்கம்பாடி சேர்ந்தார். ஸீகன்பால்கு ஐயர் அவ்விடத்தில் அடிவைத்து அப்பொழுது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வந்த நான்கு மாதங்களுக்குள் ஸீகன்பால்கு கட்டிய எருசலேம் ஆலயத்தில் தமிழிலே பிரசங்கித்தார். இஃது எல்லாரும் வியந்து கூறுஞ் செய்தி. எமக்கோ அதனினும் வியப்பாய்த் தோன்றுவது அதற்குப்பின் அவர் செய்தது. பிரசங்கிக்கத் தெரிந்துவிட்டது என்று அவர் அமைந்துவிடவில்லை. இந்நாட்டார் எவற்றைப் படிக்கின்றனர், எவற்றை நம்புகின்றனர், ஒருவரோடொருவர் உரையாடுங்கால் எக்கதைகளை எடுத்தாளுகின்றனர் என்பவற்றை அறியும்பொருட்டு, பல ஆண்டுகள் தமிழ் நூல்களையும் புராணங்களையும் வாசித்தார். பிறன் உள்ளத்தில் இருப்பது யாதென்று அறியாதவன் அவனிடத்துப் பேசுவது சுவரோடு பேசுவதை ஒக்கும். பிற்காலத்தில் அவர் போர்த்துக்கேசியம், ஆங்கிலம், இந்துஸ்தானி, பாரசீகம், மராட்டியம் ஆகிய பாஷைகளையும் கற்றதும் இக்காரணத்தாலேயே. கோட்டையிலுள்ள சிப்பாயோடும், அங்காடியிலுள்ள வணிகனோடும், அரண்மனையிலுள்ள மந்திரியோடும் அவரவர் மொழியிலேயே பேச வேண்டும் என்பது அவர் துணிவு.

1762 இல் அவர் தஞ்சைக்கும் திரிசிரபுரத்திற்கும் கால்நடையாகவே சென்றார். திரிசிரபுரத்தில் அப்பொழுது ஆங்கிலப் படை தங்கியிருந்தது. அங்கே அவர் வாழ்ந்த வாழ்க்கையை நேரிற் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பினால் நாம் அதனை அறிகின்றோம். பழைய இந்துக் கட்டிடமொன்றிலிருந்த சிற்றறையே அவர் இல்லம். அதில் அவருடைய கட்டிலும் அவரும் அடங்குவதற்கே இடமிருந்தது. உயரமான மனிதர் நிமிர்ந்து நிற்றலும் அரிது. இந்நாட்டு முறையிற் சமைத்த சோறும் காய்கறியும் அவர் உணவு. கறுப்புச் சாயந் தோய்த்த பருத்தித்துணியே அவர் உடை. ஆண்டொன்றுக்கு அவர் பெற்ற வருமானம் 48 பவுன். இவ்வளவிற் குறைந்த செலவோடு வாழ்ந்தவர், கையிற் கிடைத்த மிகுதியை யாது செய்தார் எனின், பள்ளிக்கூடத்திற்கும் ஆலயத்திற்குமே செலவிட்டார். 1766 இல் அங்கே கட்டி முடிந்த கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கின்றது. 1768 இல் படைக்குக் குருவாக நியமிக்கப்பெற்று ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் கிடைத்தபொழுதும் அவர் உணவும் உடையும் மாறவில்லை.

அவர் நாட்களைக் கழித்த முறை பின்வருமாறு. விடியற்காலையில் உபதேசியார்களை அழைத்து அவர்களோடு செபம் பண்ணுவார். பின்னர் அவர்களைச் சுற்றுமுள்ள கிராமங்களுக்கும் தெருக்களுக்கும் பகுத்து அனுப்புவார். தாமும் ஒரு பக்கம் புறப்படுவார். மாலையில் யாவரும் திரும்பிவந்து, எங்குச் சென்றோம், எவரைக் கண்டோம், அவர் யாது வினவினார், யாம் யாது விடையிறுத்தோம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லுவர். ஐயர் பொறுமையோடு கேட்டிருந்து, தவறிய இடத்தைத் திருத்துவார்; சோர்ந்தவனைத் தேற்றுவார். இந்த மாலைக் கூட்டமே அவர் நடத்திய உண்மையான கலாசாலை என்னலாம். தேர்வும் பட்டமும் இல்லாத அக்கலாசாலையிற் பயின்றவர்களே பின்னாளிற் பாளையங்கோட்டையிலும் பிற இடங்களிலும் சபைகளை நிலைநிறுத்தினர். அவர்களுள் சத்தியநாதன் என்பவர் 1790 இல் தஞ்சையிற் குருப்பட்டம் பெற்றார்.

இவ்வாறு தெருவிற் பேசுங்கால் அவருக்குக் கிடைத்த மறுமொழிகள் யாவும் இனியனவாய் இருந்ததில்லை. ஒருநாள் நாட்டியமாடும் பெண்ணொருத்தியையும் அவளுடைய நட்டுவனாரையும் வழியிற் கண்டு, பரிசுத்தமில்லாதவர் எவரும் மோட்சத்திற்குட் பிரவேசிக்க மாட்டார் என்று எடுத்துரைத்தார். அதற்கு அவர்கள், அப்படியாயின் ஐரோப்பியருள் எவரும் அங்கே போவது அரிதாயிற்றே என்று இரங்கிக் கூறிவிட்டுத் தம் வழியே போயினர். இச்செய்தியை ஐயர் மறைக்கவில்லை. கோட்டையிலிருந்த சோல்ஜர்களின் குடியும் களியாட்டும் சண்டையும் ஊரார் யாவரும் கண்டனவே. ஒரு மனிதன் வாயினாற் சொல்லுவதை அவனுடைய இனத்தார் கையினால் அழித்துக்கொண்டிருந்தனர். ஆதலாலேயே அவர் ஆங்கிலச் சோல்ஜர்கள் நடுவிலும் உழைக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலம் நன்கு வராமையால் அச்சிட்ட பிரசங்கங்களை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். பின்னர்த் தாமே பேசினார். அவர் வருகைக்குப்பின் படையினரிடையே ஒழுக்கம் திருந்திற்று என்று அதிகாரிகளே ஒப்பினர்.

இனிக் கிளாரிந்தா அம்மாளின் செய்தியைக் கூறாது விடுதல் இயலாது. இவ்வம்மையார் மகாராஷ்டிரப் பிராமண குலத்து விதவை. லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் இவரைத் தம்மோடு வைத்திருந்தார். விவாகம் நடைபெறவில்லை. அவ்வாறு வாழ்ந்த அம்மனிதரே இவருக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்பித்தவர் என்பது நினைக்கத்தக்கது. குருவும் அன்று, உபதேசியாரும் அன்று. தம் வாழ்க்கையிலே குறையுடைய ஒரு சோல்ஜர், வீட்டிலிருந்து பேசிய பேச்சினாற் சொல்லிக்கொடுத்தார். அம்மையார் ஞானஸ்நானம் வேண்டிச் சுவார்ட்ஸ் ஐயரை அணுகியபொழுது, அந்நிலையில் இருக்குமளவும் தருவதற்கில்லை என்று அவர் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778 இல் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபொழுது ஞானஸ்நானம் கொடுத்தார். அம்மறுப்பு கடுமையானது என்று கருதுவாரும் உளர். எமக்கும் அவ்வாறே ஒருபுறம் தோன்றுகின்றது, ஏனெனில் விவாகஞ் செய்துகொள்ளாத பழியில் ஆடவனுக்குரிய பங்கே பெரிது. ஆயினும் அம்மையார் மனம் முறிந்து அகலவில்லை. தம் வீட்டிலிருந்தோர்க்கும் அயலார்க்கும் தாம் கற்றதைச் சொல்லிவந்தார். 1780 இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைக் குறிப்பில் 40 பேருடைய பெயர்கள் காணப்படுகின்றன. 1785 இல் அவர் முயற்சியாற் கட்டப்பெற்ற ஆலயத்தை ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே வழங்கினர். திருநெல்வேலித் திருச்சபை என்னும் பெருமரத்திற்கு வித்து இவ்வாறு ஓர் இல்லத்திலே விழுந்தது.

அவ்வூரிலேயே ஐயர் கண்டெடுத்த மற்றொருவர் வேதநாயகம் என்னும் சிறுவர். 1774 இற் பிறந்த அவரைப் பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துச்சென்று தம் பிள்ளைபோல் வளர்த்துப் படிப்பித்தார். அவரே பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார் எனப் பெயர்பெற்றுத் தமிழ்க் கிறிஸ்தவருக்குக் கீர்த்தனைகளும் நாடகங்களும் இயற்றித் தந்தவர்.

ஐயர் 1778 முதல் தஞ்சையிலேயே தங்கினார். மறு ஆண்டிற் சென்னைக் கவர்னராயிருந்த ரம்போல்டு துரை, ஐதர் அலியின் மனநிலையை அறிந்துவரும்படி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினார். கும்பினியாரின் வேறு தூதரை நம்ப ஐதர் இசையவில்லை. இக்கிறிஸ்தவர் தம்மை ஏமாற்றார் என்று கருதி இவரையே ஏற்றார். இவ்வேலை குருவுக்குரியதா என்று ஐயர் நெடிது யோசித்தார். இரத்தஞ் சிந்தாமல் தடுக்கக் கூடுமாயிற் போகலாம், ஆனாற் பரிசு எதனையும் பெறலாகாது என்று உறுதிகொண்டு புறப்பட்டார். ஐதரின் படையில் ஊழியஞ் செய்த ஐரோப்பியருக்கு அங்கேயும் ஆராதனை நடத்தினார். அதற்கு ஐதர் தடை சொல்லவில்லை. திரும்புங்கால் வழிச்செலவிற்கென்று ஐதர் கொடுத்த 300 ரூபாயை மறுக்க முடியாமற் பெற்றுவந்து, சென்னை அதிகாரிகளிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்கு அதனை முதலாக வைத்தார்.

சமாதானம் நிலைக்கவில்லை. 1780 இல் ஐதரின் படை கர்நாடகத்தின்மேற் பாய்ந்தது. சமாதானத் தூதராய்ச் சென்ற அவரைக் கும்பினியார் ஒரு கருவியாகவே பயன்படுத்தினர் என்று சொல்லுதல் தவறாகாது. எனினும் ஐதர் அவரைக் குறைகூறவில்லை. அப்பாதிரியாரை எவரும் தடுக்கலாகாது, அவர் விரும்பியவாறு போகவும் வரவும் விடவேண்டும் என்று தம் படைவீரர்க்குக் கட்டளையிட்டார்.

அப்போரினாற் சோழநாட்டிற் பஞ்சம் புகுந்தது. காவிரி பாயும் நாட்டிலே மனிதர் தெருவில் விழுந்து மடிந்தனர். தஞ்சைக் கோட்டையிலுள்ள படைக்கும் உணவில்லை. நெல் நாட்டுப்புறத்தில் இல்லாமலில்லை, கொண்டுவருவார் இல்லை. ஏனெனில் முன்னர்க் கொண்டுவந்த குடியானவர்களுக்கு அதிகாரிகள் கூலியும் விலையும் கொடாமல் ஏமாற்றியிருந்தனர். மாடுகளைப் பிடித்துக்கொண்டு அனுப்பாமலும் இருந்தனர். அரசர் வாக்கையும் கும்பினியார் வாக்கையும் எவரும் நம்பாத அந்நிலையில், துளஜா மகாராஜா, நம் யாவருடைய பேரும் கெட்டுவிட்டது, சுவார்ட்ஸ் ஐயரையாவது ஜனங்கள் நம்புவார்களா என்று பார்ப்போம் எனத் துணிந்தார். ஐயர் நாலாபக்கமும் ஓலை அனுப்பி, தம் கையாலேயே பணம் கொடுப்பதாகவும், பகைவர் கவர்ந்த மாட்டிற்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியாரும் வேறு கிறிஸ்தவரும் உயிரைப் பொருட்படுத்தாமற் கிராமங்களுக்குச் சென்று 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குட் கொணர்ந்தனர். பின்னர் ஐயர் ஒருவர் பாக்கியும் வையாமற் கொடுத்துத் தீர்த்தார். கையிற் பணம் போதாதபொழுது தம்மிடத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த பிறர் பணத்தையும் எடுத்துச் செலவிட்டார். ஒவ்வொருவர்க்கும் சிறு வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

மற்றொருமுறை அதிகாரிகளின் கொடுமை பொறாத குடிகள் ஆயிரக்கணக்காய் ஊரைவிட்டு ஓடினர். வயல்கள் பாழாய்க் கிடந்தன. திரும்பி வாருங்கள், நீதி செய்வோம் என்று அரசர் சொல்லியனுப்பியும் ஒருவரும் வந்திலர். ஐயர் சொல்லியனுப்பியபின் 7,000 பேர் ஒரே நாளில் திரும்பினர். பருவம் கடந்துவிட்டதே, விரைந்து உழுங்கள் என்று அவர் வேண்ட, நீர் எங்களுக்குக் காட்டிய தயவிற்காக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் இசைந்து, முந்தின ஆண்டினும் மிகுந்த விளைவைக் கண்டனர்.

இக்குடிகளுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவராகவில்லை. இதனைக் கொண்டு ஐயருடைய உழைப்பு வீண் என்று கூறினார் அக்காலத்திலேயே இருந்தனர். 1793 இற் கும்பினியாரின் சாசனத்தைப் புதுப்பிப்பதைக் குறித்து இங்கிலாந்தில் விவாதம் நடந்தபொழுது, சென்னையில் முன் உத்தியோகம் வகித்த மாண்ட்காமரி காம்பெல் என்பார், இந்தியக் கிறிஸ்தவர் யாவரும் இழிந்தோர் என்றும், மிஷனெரிமாரால் நன்மை இல்லை என்றும் இகழ்ந்து பேசினார். அச்செய்தி தஞ்சையை அடைந்தபொழுது ஐயர் முதுமையில் இருந்தார். 1794 இல் அவர் எழுதிய மறுமொழிக் கடிதத்திலிருந்தே மேற்கூறிய நெல்லின் செய்தியும் குடிகளின் செய்தியும் நமக்குத் தெரியவந்தன. அவ்விகழ்ச்சி எழாதிருப்பின் அவர் அவற்றை எழுதியே இருக்கமாட்டார் போலும். தம் சபையார் குறையற்றவர் என்று அவர் அதில் வாதிக்கவில்லை. நடந்தவற்றை ஆண்டும் இடமும் சுட்டிச் சொல்லி, படிப்பவரே தீர்ப்புக் கூறுக என்று விட்டார்.

குறை அவரிடத்தும் இருந்தது. ஆலயத்திலே சாதிவேறுபாடு பற்றி வெவ்வேறிடத்தில் அமரும் வழக்கத்தை அவர் அகற்றவில்லை. மெல்ல மெல்ல அன்பினால் அது தேயும் என்று நம்பினார். தேயவில்லை. 1833 இல் வில்சன் அத்தியட்சர் அதனை அறவே ஒழிக்கும்படி கட்டளையிட்டபொழுது தஞ்சைச் சபை பிளவுபட்டுப் பெருந்துன்பம் எய்திற்று. பொறுமை எவ்விடத்தில் நற்குணம், எவ்விடத்தில் தாமதம் என்று வேறுபடுத்துவது எளிதன்று. இவ்விடத்தில் அது தாமதமாயிற்று என்றே எமக்குத் தோன்றுகின்றது.

துளஜா மகாராஜா 1787 இற் காலஞ்சென்றார். மக்கட்பேறில்லாத அவர், இறக்குமுன் சரபோஜி என்னும் பத்து வயதுச் சிறுவரைச் சுவீகாரம் எடுத்து, ஐயர் கையில் ஒப்படைக்க விரும்பினார். ஆட்சிப் பொறுப்புத் தமக்கு ஒவ்வாதென்று ஐயர் மறுத்து, அரசரின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி சொன்னார். அவ்வாலோசனை தீதாய் முடிந்தது. சுவீகாரம் செல்லாதென்று பண்டிதர் சிலர் கூறியதைக் கொண்டு கும்பினியார் அமர்சிங்கையே அரசராக்கினர். சிறுவரோ கல்வியும் காற்றும் இன்றி அடைபட்டுக் கிடந்தார். ஐயர் விடாது சென்னைக்கு எழுதி, முதலிற் காவலும், பின்னர் 1793 இற் சென்னைக்கு இடமாற்றமும் பெற்றுத் தந்தார். அங்கே கெரிக்கே ஐயர் சரபோஜிக்குக் கல்வி கற்பித்தார். சுவீகாரத்தின் செல்லுமையை மீண்டும் ஆராயும்படி செய்ததிலும் சுவார்ட்ஸ் ஐயரின் பங்கு பெரிது.

இத்தனை ஆண்டுகளிலும் அவர் சரபோஜியிடம் தம் விசுவாசத்தை மறைத்துப் பேசினவரல்லர். அரசகுமாரனுக்கு எழுதிய கடிதங்களிலும் கடவுட்பயத்தையும் நீதியையும் வற்புறுத்தினார். ஆனால் தாம் செய்த உதவிக்கு ஈடாக அவர் மதம் மாற வேண்டும் என்று ஒருபொழுதும் கேட்டாரில்லை. நாடற்றவராய்த் தம் பாதுகாப்பில் இருந்த பிள்ளையை வற்புறுத்துதல் அவர்க்கு எளிதாயிருந்திருக்கும். அவ்வெளிமையே அவரைத் தடுத்தது போலும்.

1797 ஆம் ஆண்டின் இறுதியில் ஐயர் நோயுற்றார். சரபோஜி வந்து கண்டு ஆசிபெற்றார். 1798 ஆம் ஆண்டு பெப்ருவரி 13 ஆம் நாள் தம் 72 ஆம் வயதில், விவாகஞ் செய்யாது 48 ஆண்டு இந்நாட்டில் உழைத்த அப்பெரியார் உயிர்நீத்தார். தாம் சேர்த்து வைத்த பொருளை மிஷன் ஊழியத்திற்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்தார். சரபோஜி வந்து முகத்தைக் காணுமளவும் அடக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் அழுது, உடலின்மேற் பொன்னாடை போர்த்தி, கல்லறை மட்டும் உடன் சென்றார். அவ்வாண்டிலேயே சில மாதங்களுக்குப்பின் சரபோஜி தஞ்சை அரியணை ஏறினார். அதனைக் காண ஐயர் இல்லை.

சரபோஜி மன்னர் 1832 வரை வாழ்ந்தார். சரசுவதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கினார். கண்நோய்க்கு மருத்துவஞ் செய்வித்தார். ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் கல்விக்கு உதவினார். வேதநாயக சாஸ்திரியாரை ஆதரித்தார். பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு, மரணப் படுக்கையிலிருக்கும் ஐயரைத் தாம் காணும் காட்சியைச் சலவைக்கல்லிற் செதுக்குவித்துத் தஞ்சைச் சிறுகோட்டை ஆலயத்தில் வைத்தார். ஐயருடைய கல்லறைக்கு ஆங்கிலத்தில் இரங்கற்பா ஒன்றைத் தாமே இயற்றினார். முன்னோர் சமயத்திலேயே நின்று, பெரிய கோயிலில் வழிபாடு நடத்தி, அச்சமயத்தவராகவே இறந்தார்.